ஏழு வாரத்தில் மாறும் கழுத்து: கதிர்வீச்சுத் திட்டத்தை நடுவில் ஏன் திருத்துகிறார்கள்?

தொண்டையிலோ வாயிலோ புற்றுநோய் வந்து கதிர்வீச்சு சிகிச்சை எடுப்பவர்களின் வீட்டில், மூன்றாவது நான்காவது வாரம் வாக்கில் ஒரு கலக்கம் வரும். அதுவரை தினமும் போய்ப் படுத்து எழுந்து வந்தவரிடம், "நாளைக்குப் புது மாஸ்க் எடுக்க வேண்டும், மறுபடியும் ஒரு ஸ்கேன் இருக்கிறது" என்று சொல்லி அனுப்புவார்கள். மேலூரிலிருந்து மாட்டுத்தாவணிக்கும் உசிலம்பட்டியிலிருந்து ஆரப்பாளையத்துக்கும் பஸ் ஏறி வந்து போகிறவர்கள், திரும்பும் வழியெல்லாம் அதையே பேசிக்கொண்டு போவார்கள். கட்டி பெரிதாகிவிட்டதா? முதலில் போட்ட கணக்கே தப்பா? இதுவரை வைத்த கரண்ட் (கதிர்வீச்சைத்தான் இப்படிச் சொல்வார்கள்) எல்லாம் வீணா?

பெரும்பாலும் நடந்திருப்பது இதற்கு நேர்மாறானது. கட்டி சுருங்கியிருக்கும், அல்லது நோயாளி மெலிந்திருப்பார், அல்லது இரண்டும் சேர்ந்திருக்கும். சிகிச்சை தொடங்கும் முன் எடுத்த ஸ்கேனில் இருந்த கழுத்து இப்போது அவரிடம் இல்லை. அந்தப் பழைய படத்தை வைத்துப் போட்ட திட்டத்தை இன்றைய கழுத்துக்குப் பொருந்தும்படி மாற்றுகிறார்கள். மருத்துவர்கள் இதை அடாப்டிவ் ரேடியோதெரபி என்பார்கள். இங்கே திட்டத் திருத்தம் என்றே வைத்துக்கொள்வோம்.

முதல் நாள் போடும் திட்டம்

தலை, கழுத்துப் பகுதியில் உள்ள கட்டியைக் கதிர்வீச்சால் குணப்படுத்த வழக்கமாகக் கொடுக்கும் அளவு 70 கிரே. கிரே என்பது உடல் உள்வாங்கும் கதிர்வீச்சின் அலகு. அவ்வளவையும் ஒரேயடியாகக் கொடுத்தால் கட்டியோடு சேர்த்து நல்ல திசுவும் பாழாகிவிடும். ஆகவே ஒரு நாளைக்கு 2 கிரே, வாரத்துக்கு 5 நாள், மொத்தம் 35 தவணை என்று 7 வாரத்துக்குப் பிரித்துக் கொடுக்கிறார்கள். அறுவை சிகிச்சை முடித்து வருகிறவர்களுக்கு 60 அல்லது 66 கிரே போதும். அது ஆறு, ஆறரை வாரத்தில் முடியும். பலருக்குக் கூடவே சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்தும் ஏற்றப்படும்.

இந்த 35 நாளும் தலை ஒரே நிலையில் இருந்தாக வேண்டும். அதற்குத்தான் மாஸ்க். துளைத்துளையாக இருக்கும் ஒரு பிளாஸ்டிக் தகட்டை 70 டிகிரியை ஒட்டிய சூட்டில் உள்ள தண்ணீரில் போட்டால் அது துவண்டுவிடும். எடுத்து உதறி, நோயாளியின் நெற்றியிலிருந்து தோள்வரை போர்த்தி இழுத்து, மேசையோடு பூட்டுவார்கள். சில நிமிடத்தில் அது ஆறி, அவருடைய மூக்கு, தாடை, தோள் எல்லாவற்றின் அச்சாகவும் இறுகிவிடும். அன்றைக்குத் தலைமுடி எப்படி இருந்ததோ அதுவும் அந்த அச்சில் சேரும். மல்லிகைச் சரத்தை எடுத்துவிட்டு வரச் சொல்வதும், கொண்டையைத் தினமும் ஒரே மாதிரி முடியச் சொல்வதும் இதனால்தான். சிகிச்சை நடுவில் பழனிக்கோ அழகர்கோவிலுக்கோ நேர்ந்துகொண்டு மொட்டை போட்டு வந்தால், மாஸ்க் ஒரே நாளில் பெரிதாகிவிடும். நேர்த்திக்கடனை ஏழு வாரம் கழித்துச் செலுத்தினால் சாமி கோபித்துக்கொள்ளாது என்று நோயாளிகளிடம் சொல்லிப் பார்க்கலாம், பெரும்பாலோர் கேட்டுக்கொள்வார்கள்.

மாஸ்க்கோடு படுக்க வைத்து சி.டி. ஸ்கேன் எடுப்பார்கள். கழுத்தை 3 மி.மீ. தடிப்புள்ள துண்டுகளாக அது படம் பிடிக்கும். மருத்துவர் ஒவ்வொரு துண்டிலும் கட்டி எது, அதைச் சுற்றிக் கண்ணுக்குத் தெரியாமல் நோய் பரவியிருக்கக்கூடிய இடம் எது, தப்பவிட வேண்டிய உறுப்பு எது என்று கோடு வரைவார். தினமும் படுக்கும்போது ஏற்படும் சின்ன அசைவுகளை ஈடுகட்ட, இலக்கைச் சுற்றி 3 முதல் 5 மி.மீ. விளிம்பு சேர்ப்பார்கள். பிறகு மருத்துவ இயற்பியலாளர் கணினியில் கதிர்களின் திசை, வடிவம், வலு எல்லாவற்றையும் அமைத்து, இலக்குக்கு 70 கிரே போகும்படியும் மற்றவற்றுக்கு முடிந்தவரை குறைவாகப் போகும்படியும் கணக்குப் போடுவார்.

அந்த "மற்றவை"யில் இரண்டை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். முதலாவது தண்டுவடம். அது 45 கிரேக்கு மேல் வாங்கக் கூடாது, மிஞ்சிப்போனால் 50. அந்த எல்லையைத் தாண்டத் தாண்ட, கை கால் செயலிழக்கும் ஆபத்து வருகிறது. இரண்டாவது, இரு காதுக்கும் கீழே தாடையை ஒட்டி இருக்கும் பரோட்டிட் சுரப்பி. சாப்பிடும்போது ஊறும் எச்சிலில் பெரும்பகுதி அங்கிருந்துதான் வருகிறது. அதன் சராசரி அளவு 25, 26 கிரேக்குள் நின்றால் எச்சில் ஓரளவு திரும்பும். தாண்டிவிட்டால், சிகிச்சை முடிந்து வருடக்கணக்கில் சோற்றைத் தண்ணீர் குடித்துக் குடித்து விழுங்க வேண்டியிருக்கும்.

பழைய முறையில் பரோட்டிட்டைத் தப்பவிட வழியே இல்லாமல் இருந்தது. இரு பக்கமிருந்தும் அகலமான கதிர்கள் நேராகப் போகும். வழியில் உள்ளதெல்லாம் வாங்கும். கதிரின் வலுவைப் புள்ளிக்குப் புள்ளி மாற்றும் ஐ.எம்.ஆர்.டி. முறை வந்த பிறகு நிலைமை மாறியது. பிரிட்டனில் 94 நோயாளிகளை வைத்து நடத்தி 2011இல் வெளியிட்ட பார்ஸ்போர்ட் ஆய்வில், ஓராண்டு கழித்துக் கணிசமான வாய் வறட்சி இருந்தவர்கள் பழைய முறையில் 74 சதவீதம், புதிய முறையில் 38 சதவீதம்.

ஆனால் இந்த நுட்பத்தில் ஒரு சிக்கலும் இருக்கிறது. அகலமான கதிர் கொடுக்கும்போது கழுத்து ஒரு அரை சென்டிமீட்டர் மாறினாலும் பெரிய வித்தியாசம் கிடையாது. 70 கிரே வாங்கும் இடத்துக்கும் 25 கிரே வாங்கும் இடத்துக்கும் நடுவே சில மில்லிமீட்டரோ ஓரிரு சென்டிமீட்டரோதான் இடைவெளி என்று ஆன பிறகு, அந்த அரை சென்டிமீட்டருக்கு மரியாதை வந்துவிடுகிறது. துல்லியம் கூடக் கூட, உடல் மாறுவதற்கு விட்டிருந்த இடம் குறைந்துகொண்டே போகிறது. திட்டத் திருத்தம் என்ற யோசனை கிளம்பிய இடம் இதுதான். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் டி யான் என்பவரும் அவருடன் பணியாற்றியவர்களும் 1997இல் இதை ஒரு முறையாக எழுதி வைத்தார்கள்.

கழுத்து எப்படி மாறுகிறது

முதல் வாரத்தில் பெரிதாக ஒன்றும் தெரியாது. இரண்டாவது வாரம் முடிவதற்குள் நாக்கில் ருசி போகும். "எதைத் தின்றாலும் மண் மாதிரி இருக்கிறது" என்பார்கள். மூன்றாவது வாரத்தில் வாயும் தொண்டையும் புண்ணாகும், எச்சில் பிசினாகும். இட்லியைக் கரைத்துக் குடிப்பதே பெரும்பாடாகிவிடும். கீமோவும் சேர்ந்தால் குமட்டல். எடை இறங்கத் தொடங்கும்.

இன்னொரு பக்கம் கட்டியும் கரைகிறது. ஹூஸ்டனில் 14 நோயாளிகளைச் சிகிச்சை நடக்கும் காலம் முழுக்க வாரம் மும்முறை ஸ்கேன் செய்து பார்த்தார்கள். 2004இல் வெளியான அந்த ஆய்வின்படி, கட்டியின் பருமன் சிகிச்சை நாள் ஒன்றுக்கு, தொடக்க அளவில் சுமார் 1.8 சதவீதம் வீதம் குறைந்தது. பரோட்டிட் சுரப்பிகளும் சுருங்கின. சுருங்கியதோடு நில்லாமல் கழுத்தின் நடுப்பக்கமாக 3 மி.மீ. அளவுக்கு உள்ளே நகர்ந்தன. எடை எவ்வளவு குறைந்ததோ அதற்கேற்ப நகர்வும் கூடியது. உள்ளே என்றால் எங்கே? 70 கிரே விழும் பக்கம்.

ஒரு கற்பனை நோயாளியை வைத்துக்கொள்வோம். சோழவந்தான் பக்கம் விவசாயம் பார்ப்பவர், வயது 58. வெற்றிலையோடு புகையிலை போடும் பழக்கம் முப்பது வருடமாக உண்டு. தொண்டையில் கட்டி, இடது கழுத்தில் 4 செ.மீ. விட்டத்தில் ஒரு நெறிகட்டி. தொடங்கும்போது எடை 62 கிலோ. 18 தவணை முடிந்த அன்று 56 கிலோ. ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு போய்விட்டது. நெறிகட்டியின் விட்டம் 3 செ.மீ. ஆகியிருக்கிறது. 4இலிருந்து 3 என்றால் கால்வாசிதானே குறைந்திருக்கிறது என்று தோன்றும். பருமனில் கணக்குப் போட்டால் 33 கன செ.மீ. இருந்தது 14 ஆகியிருக்கிறது. பாதிக்கு மேல் காணாமல் போய்விட்டது. அந்த இடத்தை நிரப்ப, சுற்றியிருந்த தசையும் கொழுப்பும் தோலும் பரோட்டிட்டும் உள்ளே சரிந்திருக்கின்றன.

இதை முதலில் கவனிப்பவர் மருத்துவர் அல்ல. தினமும் மாஸ்க் பூட்டும் டெக்னீஷியன். இறுக்கமான மாஸ்க்கைக் கழற்றியதும் நோயாளியின் நெற்றியிலும் கன்னத்திலும் துளைகளின் தடம் பதிந்திருக்கும். பஸ் ஏறும்வரைகூட அது மறையாது. மாஸ்க் தளரத் தளர அந்தத் தடம் மங்கும். முதலில் கன்னத்தில் மறையும், பிறகு தாடைக்குக் கீழே. ஒரு நாள் டெக்னீஷியனின் விரல் மாஸ்க்குக்கும் தோலுக்கும் நடுவே நுழைந்துவிடும். "ஐயா, முகத்தை அசைத்துப் பாருங்கள்" என்பார். உள்ளே தலை திரும்பினால், அன்றே சிகிச்சைக் குறிப்பேட்டில் எழுதிவிடுவார்.

மேசையை நகர்த்தினால் போதாதா?

போதும், சில நேரம். கதிர் பாய்ச்சும் இன்றைய லீனியர் ஆக்சிலரேட்டர் இயந்திரங்கள் பலவற்றில், சிகிச்சை கொடுக்கும் முன் அங்கேயே ஒரு சிறு சி.டி. படம் எடுக்கும் வசதி இருக்கிறது. ஒரு நிமிடம் போல ஆகும். அதை முதல் நாள் ஸ்கேனின் மேல் வைத்து, எலும்போடு எலும்பு பொருந்துகிறதா என்று பார்ப்பார்கள். நோயாளி 3 மி.மீ. இடப்பக்கம் தள்ளிப் படுத்திருந்தால் மேசையை 3 மி.மீ. வலப்பக்கம் நகர்த்தினால் சரியாகிவிடும். இது இடத்தைத் திருத்துவது. இதைத் தினந்தோறும்கூடச் செய்வார்கள்; இதற்குப் புதுத் திட்டம் தேவையில்லை.

வடிவம் மாறினால் கதை வேறு. கல்யாணத்துக்கென்று ஒருவர் அளவு கொடுத்துச் சட்டை தைக்கிறார். ஏழு வாரத்தில் பத்தில் ஒரு பங்கு இளைத்துவிட்டார். சட்டையை இடமோ வலமோ இழுத்துவிட்டால் தோள் வேண்டுமானால் சரியாக உட்காரும். தொளதொளப்பு எங்கும் போகாது. பிரித்துத்தான் தைக்க வேண்டும். நம் சோழவந்தான்காரருக்கும் இதுதான் நிலை. முதுகெலும்பு பழைய இடத்தில் பொருந்துகிறது. அதைப் பொருத்தி வைத்துவிட்டுப் பார்த்தால் இடது கன்னம் பழைய கோட்டிலிருந்து ஒரு செ.மீ. உள்ளே இருக்கிறது; பரோட்டிட் கோடு தாண்டி வந்து நிற்கிறது; தாடை சற்றுச் சாய்ந்திருக்கிறது. எந்தப் பக்கம் மேசையை நகர்த்தினாலும் ஒன்றைப் பொருத்தினால் இன்னொன்று விலகும்.

கதிரின் அளவிலும் மாற்றம் வருகிறது. கதிர் தோலில் நுழைந்து தசையைக் கடந்து போகும்போது, ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் அதன் வலு ஏறத்தாழ 3, 4 சதவீதம் குறையும். வழியில் இருந்த ஒரு செ.மீ. சதை காணாமல் போய்விட்டால் அந்தத் தடுப்பும் போய்விட்டது என்று பொருள். ஆழத்தில் இருக்கும் தண்டுவடத்துக்கு அந்தப் பக்கக் கதிர் நினைத்ததைவிடக் கொஞ்சம் கூடுதலாகப் போய்ச் சேரும். ஒரு நாளைக்கு இது மிகச் சிறியது. மிச்சம் இருக்கும் 17 நாளுக்கும் கூட்டினால்தான் இது கணக்கில் வரும்.

அதனால் "மாஸ்க் தளர்ந்துவிட்டது, எடை குறைந்துவிட்டது" என்பதோடு முடிவு எடுப்பதில்லை. புது ஸ்கேன் எடுத்து, பழைய திட்டத்தையே அதன் மேல் ஓட்டிப் பார்ப்பார்கள். கற்பனை எண்களாகவே சொல்வோம்: பரோட்டிட்டுக்கு 25 கிரே என்று திட்டமிட்டது 29 ஆகிறது, தண்டுவடத்துக்கு 42 என்றது 45ஐத் தொடுகிறது என்றால் திருத்த வேண்டும். 25 என்றது 25.5 ஆகிறது, இலக்கு முழுதாக மூடப்பட்டிருக்கிறது என்றால், புது மாஸ்க்கோடு பழைய திட்டத்திலேயே தொடரலாம். எந்த வரம்பில் முடிவெடுப்பது என்பதில் மருத்துவமனைக்கு மருத்துவமனை வேறுபாடு உண்டு. எடை 5 முதல் 10 சதவீதம் குறைந்தால் சந்தேகப்பட வேண்டும் என்பதைப் பொதுவாக எல்லோரும் ஏற்பார்கள். ஆகவே, "ஸ்கேன் எடுத்தார்கள், ஆனால் திட்டத்தை மாற்றவில்லையாம்" என்றால் யாரோ அலட்சியமாக விட்டுவிட்டார்கள் என்று முடிவுகட்ட வேண்டாம். பார்த்துவிட்டுத் தேவையில்லை என்று தீர்மானித்திருக்கலாம்.

திருத்த முடிவெடுத்தால் முதல் நாள் செய்த வேலை முழுவதையும் மறுபடி செய்ய வேண்டும். புது மாஸ்க், புது ஸ்கேன். பழைய கோடுகளைப் புதுப் படத்துக்கு ஏற்ப வளைத்துப் பொருத்தும் மென்பொருள்கள் இருக்கின்றன. உறுப்புகளைத் தானே வரையும் மென்பொருள்களும் வந்துவிட்டன. ஆனாலும் மருத்துவர் துண்டு துண்டாகப் பார்த்துத் திருத்தாமல் அவற்றை நம்ப முடியாது. பிறகு கணக்கு. 18 தவணையில் 36 கிரே போய்விட்டது. மிச்சம் 17 தவணை, 34 கிரே. இதுவரை தண்டுவடமும் பரோட்டிட்டும் வாங்கியது எவ்வளவோ, அதைக் கழித்துக்கொண்டுதான் மிச்சத்தைத் திட்டமிட வேண்டும். திட்டம் தயாரானதும் அதை நோயாளிக்கு உடனே கொடுப்பதில்லை. மனித உடலுக்குப் பதிலாக ஒரு அளவுகருவியை மேசையில் வைத்து அதே கதிர்களைப் பாய்ச்சி, கணினி சொன்னதும் இயந்திரம் கொடுப்பதும் ஒத்துப்போகிறதா என்று அளந்த பிறகே மருத்துவர் கையெழுத்துப் போடுவார். இதற்கெல்லாம் சில நாள் பிடிக்கும்.

அந்தச் சில நாளும் சிகிச்சையை நிறுத்தி வைப்பார்களா? பொதுவாக நிறுத்த மாட்டார்கள். பழைய திட்டமே ஓடிக்கொண்டிருக்கும். இது பலருக்கு விளங்காத விஷயம். "பொருந்தாத திட்டத்தை ஏன் வைக்கிறீர்கள்?" என்று கோபப்படுகிறவர்கள் உண்டு. தலை, கழுத்துக் கட்டிகளுக்கு ஒரு குணம் இருக்கிறது: சுமார் நான்கு வாரத்துக்குப் பிறகு, உயிர் பிழைத்த புற்றுநோய் அணுக்கள் முன்னைவிட வேகமாகப் பெருகத் தொடங்கும். சிகிச்சை ஒரு நாள் நீண்டால் கட்டியைக் கட்டுப்படுத்தும் வாய்ப்பு ஏறத்தாழ 1 சதவீதம் குறைகிறது என்பது பல ஆய்வுகளில் கண்ட கணக்கு. மூன்று நாள் பழைய திட்டத்தில் ஓடுவதால் பரோட்டிட்டுக்கு வரும் கூடுதல் சுமையைவிட, மூன்று நாள் சும்மா இருப்பதால் வரும் நஷ்டம் பெரிது. தண்டுவடம் எல்லையைத் தொடுகிறது என்றாலோ, மாஸ்க்கில் தலை நிற்கவே இல்லை என்றாலோ மட்டும்தான் நிறுத்துவதைப் பற்றி யோசிப்பார்கள். சித்திரைத் திருவிழாவுக்கு அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க இரண்டு நாள் விடுப்புக் கேட்பவர்களிடம் மருத்துவர்கள் கடுமையாக நடந்துகொள்வதற்கும் இதே கணக்குதான் காரணம்.

சுருங்கிய கட்டிக்குச் சுருங்கிய இலக்கா?

இந்தக் கேள்வியில் எனக்கு ஈடுபாடு அதிகம். புதிதாகப் படிக்க வருகிற மாணவர்களும் இங்கேதான் வழுக்குவார்கள். நெறிகட்டி 4 செ.மீ. இருந்தது 3 ஆகிவிட்டது. இனி 3 செ.மீ.க்கு மட்டும் 70 கிரே கொடுத்தால் போதாதா? பக்கத்துத் திசுக்களும் பிழைக்குமே?

போதாது. கட்டி, காற்றுப் போவது போலச் சீராக நடுவை நோக்கி ஒடுங்குவதில்லை. ஓரத்தில் இருந்த அணுக்கள் சில செத்துக் கரைந்திருக்கும், சில அங்கேயே ஒட்டிக்கொண்டிருக்கும். சி.டி. ஸ்கேனில் அந்தச் சிலவற்றைப் பார்க்க முடியாது. முதல் நாள் நோய் இருந்த இடம் முழுவதும், கண்ணுக்குச் சுத்தமாகத் தெரிந்தாலும், வாங்க வேண்டிய அளவை வாங்கியே தீர வேண்டும். அப்படியென்றால் இலக்கில் எதைத்தான் குறைக்கலாம்? திசு சரிந்ததால் பழைய கோடு இப்போது தோலுக்கு வெளியே காற்றில் நிற்கிறதே, அந்தப் பகுதியைக் கழிக்கலாம். கட்டி ஒருபோதும் நுழையாத எலும்பின் மேல் கோடு போய் ஏறியிருந்தால் அதை விலக்கலாம். அதாவது, உடல் நகர்ந்ததற்கு ஏற்ப இலக்கை நகர்த்தலாம். நோய் குறைந்ததாகத் தோன்றுவதற்கு ஏற்ப இலக்கைக் குறைக்கக் கூடாது. திருத்தம் பெரும்பாலும் நல்ல உறுப்புகளைக் காப்பாற்றச் செய்யப்படுகிறது. கட்டிக்குக் கொடுக்கும் அளவில் பேரம் கிடையாது.

அறுவை சிகிச்சைக்குப் பிறகு வருகிறவர்களுக்குச் சுருங்கக் கட்டியே இல்லை. இந்திய ஆண்களிடம் மிக அதிகமாகக் காணப்படும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோய். அதற்குப் பெரும்பாலும் அறுவை சிகிச்சைதான் முதலில் நடக்கும். அவர்களுக்கு மாறுவது வேறு: அறுவை வீக்கம் வடிவது, ஒட்டவைத்த சதை படிவது, எடை இறங்குவது. மாஸ்க் தளர இதுவே போதும்.

அப்படியானால் வாரா வாரம் திருத்தலாமே!

இதை உண்மையிலேயே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். பிரான்ஸில் நடந்த ஆர்ட்டிக்ஸ் என்ற ஆய்வில், தொண்டைப் புற்றுநோயாளிகள் 132 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவினருக்கு வாரந்தோறும் திட்டத்தைத் திருத்தினார்கள். மற்றவர்களுக்கு ஒரே திட்டம். ஓராண்டு கழித்து எச்சில் சுரப்பை அளந்தபோது இரு பிரிவுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. 2023இல் இந்த முடிவு வெளிவந்தபோது துறையில் பலருக்குச் சங்கடம்தான். அவ்வளவு உழைத்தும் பயனில்லையா?

என் பார்வையில் அந்த ஆய்வு, திருத்தமே வீண் என்று சொல்லவில்லை. எல்லோருக்கும் கணக்கின்றித் திருத்துவது வீண் என்று சொல்கிறது. பலருக்கு அளவுகள் பெரிதாக மாறுவதே இல்லை. முதல் திட்டத்திலேயே பரோட்டிட் நன்றாகத் தப்பியிருந்தால், மேலும் ஒரு கிரே குறைப்பதால் எச்சில் கூடப்போவதில்லை. முதலிலேயே அது முழுதாக இலக்குக்குள் சிக்கியிருந்தாலும் திருத்திப் பயனில்லை. நடுவில் இருப்பவர்கள், எடை வேகமாகக் குறைகிறவர்கள், பெரிய நெறிகட்டியோடு வந்தவர்கள், இவர்களைத் தேடிப்பிடிப்பதுதான் வேலை. மேலும் நம் ஊர் மருத்துவமனைகளில் ஒரு திட்டத்துக்குச் செலவழியும் நேரம், வரிசையில் காத்திருக்கும் இன்னொருவரின் முதல் திட்டத்துக்கான நேரம்.

எப்போது செய்வது என்பதற்கு எளிய கணக்கு உண்டு. 32 தவணை முடிந்த பிறகு திருத்தினால் மூன்று நாளுக்குத்தான் பலன். தண்டுவடத்துக்கு ஆபத்து என்றால் தவிர அதற்கு யாரும் மெனக்கெட மாட்டார்கள். முதல் வாரத்தில் திருத்த ஒன்றும் இருக்காது. ஆகவே மூன்றாவது, நான்காவது வாரம்.

நோயாளி மேசையில் படுத்திருக்கும்போதே அன்றைய படத்தை எடுத்து, அப்போதே திட்டத்தைத் திருத்தி, அப்போதே கொடுக்கும் இயந்திரங்களும் உலகில் வந்துவிட்டன. எம்.ஆர்.ஐ. ஸ்கேனும் கதிர் இயந்திரமும் ஒன்றாக இணைந்த வகையும் அதில் உண்டு. கேட்கப் பிரமாதமாக இருக்கிறது. ஆனால் வாய் முழுக்கப் புண்ணும் தொண்டையில் பிசின் சளியுமாக இருப்பவர், இறுக்கிப் பூட்டிய மாஸ்க்குக்குள் வழக்கமான பத்துப் பதினைந்து நிமிடத்துக்குப் பதில் அரைமணி நேரம் படுத்திருப்பது லேசான காரியமல்ல. நான்காவது வாரத்தில் ஒரு முறை நிதானமாகத் திருத்துவது இவர்களில் பலருக்குப் போதுமானது.

பழைய வகையான கோபால்ட் கதிர் இயந்திரத்தில் சிகிச்சை எடுக்கிறோமே, எங்களுக்கு இதெல்லாம் உண்டா என்று சிலர் கேட்பார்கள். அங்கே கதிர்கள் அகலமானவை. ஓரத்து மாற்றங்களால் இலக்கு தவறும் ஆபத்து குறைவு, எச்சில் தப்பும் வாய்ப்பும் குறைவு. ஆனால் நடுவில் திருத்தும் வழக்கம் அங்கே பல பத்தாண்டுகளாகவே உண்டு. 40 கிரேயைத் தாண்டியதும், தண்டுவடத்தை விட்டுக் கதிரின் பின் எல்லையை முன்னால் தள்ளி வைப்பார்கள். அந்த வாரம் மாஸ்க்கில் வேறு கோடு வரைந்தால் அதற்காகப் பயப்பட வேண்டாம்.

வீட்டில் கவனிக்க வேண்டியவை

திட்டத் திருத்தத்தின் தேவையைக் குறைக்கும் முதல் மருந்து சாப்பாடு. எடை நின்றால் கழுத்தும் ஓரளவு நிற்கும். காரம், புளிப்பு, சூடு மூன்றையும் விட்டு, ஆறிய கேப்பைக் கூழ், குழைந்த பருப்புச் சோறு, முட்டை, தயிர், கெட்டியான பால் என்று இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். பருத்திப்பால் பிடிக்குமென்றால் சுக்குப் போடாமல் காய்ச்சுங்கள். சுக்கு புண்ணில் பட்டால் எரியும். விழுங்கவே முடியாத நிலை வந்தால் மூக்கு வழியாகக் குழாய் வைக்கலாமா என்று மருத்துவர் கேட்பார். "குழாய் போட்டால் ஆள் அவ்வளவுதான்" என்ற பேச்சு நம் பக்கத்தில் பலமாக இருக்கிறது. அதற்குப் பயந்து பத்து நாள் தள்ளிப்போட்டு, நாலு கிலோ இறங்கிய பிறகு சம்மதிப்பவர்கள்தான் அதிகம். குழாய் தற்காலிகமானது, புண் ஆறி விழுங்க ஆரம்பித்ததும் எடுத்துவிடுவார்கள்.

வாரம் ஒரு முறை, ஒரே தராசில், ஒரே மாதிரி உடுப்போடு எடை பார்த்து ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். சிகிச்சை முடிந்து வெளியே வந்ததும் முகத்தில் மாஸ்க் தடம் இருக்கிறதா என்று பாருங்கள். "உள்ளே தலையை ஆட்ட முடிகிறது" என்று நோயாளி சொன்னால் அதை அன்றைக்கே டெக்னீஷியனிடம் சொல்லுங்கள். பெரிய டாக்டர் வரும் நாள்வரை காத்திருக்க வேண்டாம். தாடி, தலைமுடியை முதல் நாள் இருந்த அளவிலேயே வைத்திருங்கள். பல்செட்டை முதல் நாள் கழற்றிவிட்டு ஸ்கேன் எடுத்திருந்தால் கடைசிவரை கழற்றியே படுக்க வேண்டும்.

முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் சிகிச்சை பெறுகிறவர்கள், புது ஸ்கேனுக்கும் மாஸ்க்குக்கும் தனியே ஏதும் கட்ட வேண்டுமா என்பதை மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது. மருத்துவரிடம் கேட்க வேண்டியது வேறு: எடை குறைந்ததாலா, கட்டி சுருங்கியதாலா? புதுத் திட்டம் எந்தத் தவணையிலிருந்து? எந்த உறுப்புக்காக?

புதுத் திட்டம் தொடங்கும் நாளில் வழக்கத்தைவிடக் கூடுதல் நேரம் ஆகும். படம் எடுத்து, பொருத்தி, மருத்துவரோ இயற்பியலாளரோ வந்து பார்த்த பிறகே கதிர் வைப்பார்கள். புது மாஸ்க் பழையதைவிட இறுக்கமாக இருக்கும். நெற்றியில் தடம் மறுபடியும் பதியும். தவணை எண்ணிக்கை முதலிலிருந்து தொடங்காது. 18 முடிந்திருந்தால் அன்றைக்கு 19தான்.